செஸ்ட்நட் பொருத்தனை

பிரிஜெட்டம்மாவைச் சும்மா உட்காரச் சொல்வதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் கை எதையாவது நோண்டும். கையும் நின்றுவிட்டால் வாய் ஆரம்பித்துவிடும், அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சின்ன ஓட்டு வீட்டின் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, கண்டோன்மெண்ட் கிறிஸ்தவக் கல்யாணங்களில் பாதிக்கு கவுன் தைத்துக் கொடுத்தவள் அவள். உலையில் அரிசி கொதிப்பதற்குள் நாலு தரம் மூடியைத் திறந்து பார்ப்பாள். கேக்கும் அப்படித்தான். திறந்து திறந்து பார்த்து, நடுவில் குழி விழுந்த கேக்கைத்தான் அந்த வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தின்றார்கள். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "ஆளட்டும், யார் வேணாம்னா? எனக்குத் தைக்கிற வேலை கிடக்கு" என்பாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சிரில், ஐஸ் ஃபேக்டரியில் மேஸ்திரி. ஊரில் 'ஐஸ் சிரில்' என்றே பேர். வேலையை வைத்து வந்த பேரா, குணத்தை வைத்து வந்த பேரா என்று கேட்டால், இரண்டும்தான். வீட்டுக் கூரை பற்றி எரிந்தாலும் கையிலிருக்கும் காபியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இவர்கள் இரண்டு பேருக்கும் தாலி எடுத்துக் கொடுத்த சாமியார் அன்றைக்கு என்ன நினைத்தாரோ தெரியாது.

அவர்களுக்கு ஒரே பெண் நோரா. அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தொட்டிலைத் தாண்டவில்லை. அதனால் நோரா தும்மினால் பிரிஜெட்டம்மாவுக்குக் காய்ச்சல் வரும். பெண்ணுக்கு வயசு வந்ததிலிருந்து, கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய வெள்ளை சாட்டின் துணி ஒன்றைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைத்த கைக்குத் தன் பெண்ணுக்கு ஒரு கவுன் தைக்க ஆசை இருக்காதா? அதுதான் அவளுடைய ஆசை. வேறே பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நோராவுக்கு இருபது வயது முடிந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம் அது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொன்னாள்.

"அம்மா, நான் குன்னூர் மடத்துக்குப் போறேன். சாமியார்கிட்ட பேசிட்டேன்."

"மடத்து ஸ்கூல்ல டீச்சர் வேலையா?"

"இல்லம்மா. சிஸ்டராவே போறேன்."

பிரிஜெட்டம்மாவின் கையிலிருந்த கரண்டி குழம்பிலேயே விழுந்தது. சிரில் அதை எடுத்து, துடைத்து, தனக்கு ஊற்றிக்கொண்டார். "அவ சின்னப் பிள்ளையிலேர்ந்து அப்படித்தானே இருக்கா, பிரிஜி. நீதான் பாக்கல" என்றார். அன்றைக்கு அந்த மனுஷன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

மடத்துக்குப் பிள்ளையைக் கொடுப்பது பாக்கியம் என்று ஊரே வந்து சொன்னது. சொன்னவர்களில் ஒருத்தராவது கொடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டு பவுலினுக்கு மூன்று பெண்கள், மூன்றும் கல்யாணமாகிப் பேரன் பேத்தி பெற்றுக் கொடுத்தவர்கள். அவள் வந்து, "உனக்கு மோட்சம் நிச்சயம், பிரிஜி" என்றாள்.

"அப்படியா? நீயும் ஒண்ணைக் கொடேன், ரெண்டு பேரும் கூடவே போலாம்" என்றாள் பிரிஜெட்டம்மா. பவுலின் அதற்கப்புறம் ஒரு மாசம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நோரா போய்விட்டாள். முதலில் கொஞ்ச காலம் சும்மா இருந்து பார்ப்பார்களாம், பிறகு மடத்து உடுப்பு கொடுப்பார்களாம், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான், சிஸ்டராகவே இருப்பேன் என்று சத்தியம் செய்கிற முதல் வார்த்தைப்பாடாம். சாமியார் விளக்கியதில் பிரிஜெட்டம்மாவின் காதில் நின்றது ஒன்றே ஒன்று: வார்த்தைப்பாடு கொடுக்கிற வரைக்கும் கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கும், பெண் விரும்பினால் திரும்பி வரலாம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மெஷினை மிதிப்பாள், எழுந்து வாசலுக்குப் போவாள், திரும்பி வருவாள், நூல் அறுந்திருக்கும். கல்யாணப் பெண் ஒருத்தியின் கவுனுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை விடுகிற காலத்தில், குன்னூரிலிருந்து பெங்களூர் வந்த ஒரு சிஸ்டர் நோரா கொடுத்தனுப்பியதாக ஒரு துணி மூட்டையைத் தந்துவிட்டுப் போனார். உள்ளே செஸ்ட்நட். நல்ல பழுப்பு நிறம், எண்ணெய் தடவினது போல மினுமினுப்பு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. மடத்துத் தோட்டத்தில் ஏதோ ஒரு துரை எப்போதோ நட்ட மரம் இருக்கிறதாம், முள்ளு முள்ளாய்க் காய் வெடித்து உள்ளிருந்து விழுமாம், நோராதான் தினமும் பொறுக்குகிறாளாம். வறுத்துத் தின்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

சிரில் உடனே அடுப்பைப் பற்றவைக்கப் போனார். பிரிஜெட்டம்மா மூட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். பெண்ணின் கைபட்ட கொட்டையை வறுத்துத் தின்பதா? அந்த வாரம், அந்தோனியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போய் அவர் சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டு ஒரு பொருத்தனை வைத்தாள். இந்தக் கொட்டையில் ஒன்று, ஒரே ஒன்று முளைத்தால், நோரா வார்த்தைப்பாடு கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வந்தால் கோவில் வாசலில் ஏழைகளுக்கு ரொட்டி. குன்னூர் மரம் பெங்களூர் மண்ணில் முளைக்கும் என்றால், குன்னூர் போன பெண்ணும் இங்கே வருவாள் என்பது அவள் கணக்கு.

சிரிலிடம் மட்டும் சொன்னாள். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தோனியாரு தொலஞ்சு போனதைத் தேடிக் கொடுக்கறவரு. நம்ம பொண்ணு எங்க தொலஞ்சா? குன்னூர்ல இருக்கான்னு தெரியுமே."

"எனக்குத் தொலஞ்சுட்டா. போதும், உங்க புத்தியெல்லாம் ஃபேக்டரியோட வச்சுக்குங்க."

இப்போது நடந்ததைக் கேளுங்கள். விதை என்றால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? சுரை விதையோ அவரை விதையோ, வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, சாம்பலில் புரட்டித்தான் வைப்பார்கள். பிரிஜெட்டம்மாவின் அம்மா அப்படித்தான் செய்தாள், அவள் அம்மாவும் அப்படித்தான். இவளும் செஸ்ட்நட்டை முறத்தில் பரப்பி, குலுக்கினால் கடகடவென்று சத்தம் வருகிற அளவுக்குக் காயவைத்தாள். விறகுச் சாம்பலில் புரட்டினாள். பிஸ்கட் டின், மண்ணெண்ணெய் டின் எல்லாவற்றிலும் ஆணியால் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் சாணி உரமும் கலந்து நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை புதைத்தாள். கிணற்றடிச் சுவரோரம் வரிசையாக வைத்து, தீர்த்தம் தெளித்தாள். மகாராணிக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்திருக்காது.

வைத்தவள் விட்டாளா? காலையில் ஒரு டின்னைக் கிளறிப் பார்ப்பாள், மூடுவாள். மத்தியானம் இன்னொன்று. துணி அளவெடுக்க வந்தவர்களை உட்காரவைத்துவிட்டுப் போய்க் கிளறுவாள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. டின்களில் புல் பூண்டு முளைத்தது, எங்கிருந்தோ ஒரு தக்காளிச் செடி முளைத்தது, செஸ்ட்நட் மட்டும் முளைக்கவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் ஒன்றை எடுத்து அம்மிக்கல்லில் வைத்து உடைத்தாள். உள்ளே கல்லாய் இறுகிக் கிடந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையைக் கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து பவுலினே ஓடி வந்துவிட்டாள்.

அடுத்த கோடையில் நோராவுக்கு உடுப்பு கொடுத்தார்கள். பிரிஜெட்டம்மாவும் சிரிலும் ரயிலேறிப் போனார்கள். வெள்ளை முக்காட்டுக்குள் பெண்ணின் முகம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று சிரில் திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னார். பிரிஜெட்டம்மாவின் கண்ணுக்கு முக்காடுதான் தெரிந்தது. பார்க்க வந்தவர்களை உட்காரவைக்கிற மடத்துப் பார்லரில் பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவள் என்ன பேசினாள் தெரியுமா? கொட்டையைப் பற்றி.

"காய வச்சியா?" நோரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா! அது உசுரோட இருக்கற கொட்டை. காஞ்சா செத்துடும். ஈர மணல்ல போட்டு, குளுர்ல வைக்கணும். மூணு மாசம் தூங்கினாத்தான் முழிக்கும்னு எங்க தோட்டத்து சிஸ்டர் சொல்வாங்க. வேர் நேரா கீழ போவும், அதனால டின் நல்லா ஆழமா இருக்கணும். இந்த வருஷமும் அனுப்பறேன், என்னா?"

பொருத்தனை அவளுக்குத் தெரியாது. அம்மாவின் மனசு ஆறிவிட்டது, செடிகொடி என்று கவனம் திரும்பிவிட்டது என்று நினைத்து அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். பாவம்.

சொன்னபடி மழைக்காலம் முடிந்ததும் இரண்டாவது மூட்டை வந்தது. இந்தத் தடவை பிரிஜெட்டம்மா ஒரு நிமிஷம்கூட வெயில் காட்டவில்லை. தண்ணீரில் போட்டு, மிதந்த சொத்தைகளை எறிந்தாள். மூழ்கியவற்றை ஈர ஆற்று மணலோடு பிஸ்கட் டின்னில் அடுக்கினாள். ஆனால் குளிர்? பெங்களூர் குளிர் என்று நாம்தான் பெருமை அடித்துக்கொள்கிறோம், குன்னூர்க்காரனுக்கு அது வசந்த காலம். அப்போதுதான் அவள் தன் புருஷனை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாங்க, உங்க ஃபேக்டரியில ஒரு மூலை கிடைக்காதா?"

"ஐஸ் விக்கிற எடத்துல கொட்டையா? கேட்டா என்னான்னு சொல்றது?"

"பொண்டாட்டி தொல்லைன்னு சொல்லுங்க. ஊருக்கே தெரியுமே."

சிரில் டின்னைக் கொண்டுபோய், ஐஸ் பாளங்கள் அடுக்கியிருந்த அறையில், பாளத்தின் மேல் படாமல் மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். பிரிஜெட்டம்மாவின் கை எட்டாத இடம். அந்த மூன்று மாசம் அவள் பட்ட பாடு இருக்கிறதே! சிரில் செருப்பைக் கழற்றுவதற்குள், "பாத்தீங்களா? என்னா ஆச்சு?" என்பாள். "தூங்குது. எழுப்பாதே" என்பார் அவர். ஒரு நாள் தாங்க முடியாமல் சாப்பாட்டு கேரியரைச் சாக்கு வைத்துக்கொண்டு ஃபேக்டரிக்கே போய்விட்டாள். கேட்டில் நின்ற ஆள், பொம்பளைங்களை உள்ளே விட உத்தரவில்லை என்றான். இவள், என் கொட்டை உள்ளே இருக்கிறது என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டில் கலாட்டா பெரிதாகி, சிரில் வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். வாழ்நாளில் அந்த மனுஷன் கோபப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். "நீ தொடாம இருக்கறதாலதான் அது உசுரோட இருக்கு, பிரிஜி" என்றார்.

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் திருந்தவில்லை, மறுநாள் செருப்பு கழற்றுவதற்குள் கேட்கத்தான் கேட்டாள்.

பொங்கல் கழிந்து சிரில் டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தார். மணலை விலக்கினால், ஐந்தாறு கொட்டைகளின் நுனி வெடித்து, வெள்ளையாய் ஒரு வேர் எட்டிப் பார்த்தது. பிரிஜெட்டம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். சிரில் அதற்குள் இரண்டு மண்ணெண்ணெய் டின்னை ஒன்றன்மேல் ஒன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, அடித்தகடுகளை வெட்டியெடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்து வைத்திருந்தார். வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் அல்லவா? அதைச் செங்கல்மேல் தூக்கி வைத்தார்கள். மற்றவை வெவ்வேறு டின்களில். ஒன்றைப் பெருச்சாளி தோண்டிக்கொண்டு போயிற்று, இரண்டு அழுகிப் போயின. மிச்சத்துக்குப் பழைய கொசுவலையை நாலு மடிப்பாக மூடிக் கட்டினாள்.

வார்த்தைப்பாடு ஈஸ்டர் கழிந்து என்று தேதி வைத்துவிட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தவசுகாலம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மெஷினில் ஒரு தையல், கிணற்றடியில் ஒரு நடை. நல்லவேளை, கிளறவில்லை. சிரில் சொன்னது உள்ளே எங்கோ வேலை செய்துகொண்டிருந்தது. குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம், உயரமான அந்த டின்னில் மண்ணைப் பிளந்துகொண்டு செம்பழுப்பாய் ஒரு முளை நிமிர்ந்து நின்றது.

"முளைச்சாச்சு! ஏசுவே, முளைச்சாச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அந்தச் செவ்வாய் அந்தோனியார் முன்னால் நின்று, "என் பக்கம் முடிஞ்சுது. இனிமே உங்க முறை" என்று சொல்லிவிட்டு வந்தாள். புனிதரிடம் பேசுகிற பேச்சா இது?

ஈஸ்டர் முடிந்த வாரமே குன்னூரிலிருந்து தந்தி வந்தது. நோராவுக்கு இருமல், அழைத்துப்போக வரவும். பிறகுதான் விவரம் தெரிந்தது: குளிர்காலம் முழுக்க அவள் இருமிக்கொண்டே இருந்திருக்கிறாள், வீட்டுக்குச் சொல்லவில்லை. காசம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மலைக்குளிர் அந்த உடம்புக்கு ஆகாது, இன்னொரு குளிர்காலம் தாங்காது, வார்த்தைப்பாடு கொடுக்க முடியாது என்று மடத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். தந்தியைப் படித்துக் கேட்ட பிரிஜெட்டம்மா சிரித்தாள். பெண்ணுக்கு இருமல் என்ற சேதி அவளுக்கு ஏறவே இல்லை. ரொட்டிக்கடைக்குத்தான் முதலில் ஓடினாள்.

சிரில் போய் அழைத்துவர, நோரா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள், முக்காடு இல்லை. வாசலைத் தாண்டுவதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் டின்னைக் காட்டினாள். முளை இப்போது நாலைந்து இலை விட்டிருந்தது.

"பாரு கண்ணு, இதுதான் உன்னைக் கூட்டியாந்துச்சு! அந்தோனியாருக்குப் பொருத்தனை வச்சேன். இது முளைச்சா நீ வந்துடணும்னு. முளைச்சுது, வந்துட்டே!"

நோரா செடியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு மாசத்தில் இருமல் நின்றுவிட்டது. மற்றபடி வீட்டில் நோரா இருந்தாள் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? விடிவதற்கு முன் மடத்து மணி நேரத்துக்கு எழுந்து சுவரைப் பார்த்து முழங்காலிடுவாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். பிரிஜெட்டம்மா ஒரு நிமிஷம்கூட வாய் ஓயாமல் பேசினாள், பிரியாணி செய்தாள், பவுலினின் தங்கை மகன் ரயில்வேயில் இருக்கிறான் என்று ஆரம்பித்தாள். பெண் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தை மறைக்கப் பெட்டியைத் திறந்து சாட்டினை எடுத்தாள்.

"நில்லு, அளவெடுக்கறேன்."

நோரா நின்றாள். கையைத் தூக்கு என்றால் தூக்கினாள், திரும்பு என்றால் திரும்பினாள். எத்தனையோ பெண்களுக்கு அளவெடுத்தவள் பிரிஜெட்டம்மா. வெட்கப்படுவார்கள், கிச்சுக்கிச்சு என்று நெளிவார்கள், கழுத்தைக் கொஞ்சம் இறக்கு ஆன்ட்டி என்பார்கள். இவள் கடை பொம்மை போல நின்றாள். இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தபடி பிரிஜெட்டம்மா நிமிர்ந்து பார்த்தபோது, பெண்ணின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, உனக்கு வேணும்ங்கறதை நீ கேட்டே. எனக்கு என்ன வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பிரிஜெட்டம்மா டேப்பைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். செடியின் தண்டை இரண்டு கையாலும் பற்றினாள். இதைப் பிடுங்கி எறிந்தால் பொருத்தனையும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தாளோ என்னமோ. பின்னாலேயே வந்த நோரா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"செடி என்னம்மா பண்ணுச்சு? விடு. அது பாட்டுக்கு வளரட்டும்."

பிரிஜெட்டம்மா அப்படியே செங்கல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நோரா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். வேலையிலிருந்து வந்த சிரில் இரண்டு பேரையும் பார்த்தார், போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். நோரா உள்ளே போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மலையிலதான் ஆகாதாம். கீழ ஏதாவது மடம்னா சேந்துக்கலாம், நான் எழுதித் தரேன்னு குன்னூர் மதர் சொல்லி அனுப்பியிருக்காங்க. ரயில்ல வரப்பவே எங்கிட்ட சொன்னா. உன் குஷியப் பாத்துட்டு வாயத் தொறக்கல. நானும் தொறக்கல."

பிரிஜெட்டம்மா அவரைத் திட்டவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

மறுநாள் காலை, நோரா எழுந்து பார்த்தபோது அம்மா வீட்டில் இல்லை. கோவிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, கண்டோன்மெண்டிலேயே ஆஸ்பத்திரி நடத்துகிற ஒரு மடத்துக்கு நடந்தே போய், கதவு திறப்பதற்கு முன்னால் மணியை அடித்துவிட்டாள். ஒரு தரம் அடித்தால் போதாதா? திறக்கிற வரைக்கும் அடித்தாள். பார்லரில் உட்காரவைத்தார்கள். மடத்துத் தலைவியான, மங்களூர்ப் பக்கத்து மதர் ஒருவர் வந்து, அவள் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"இங்க வர்ற அம்மாங்க எல்லாம் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கன்னு அழுவாங்க" என்றார் மதர். "நீங்க எடுத்துக்குங்கன்னு வந்திருக்கீங்க. இது உங்க ஆசையா, பொண்ணோட ஆசையா? அதை எனக்கு நிஜமா சொல்லணும்."

"அவ ஆசைதான் மதர்" என்றாள் பிரிஜெட்டம்மா. "என் ஆசையை நான் கேட்டு வாங்கிட்டேன். வீட்டுல வச்சுப் பாத்துட்டும் இருக்கேன். அவ இப்படி இருக்கறதை என்னால பாக்க முடியல."